அவிழ்க்காத காப்பு

5 மார்ச் 2020, வியாழன்

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான மருத்துவ முகாம் முடிந்தது. நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டாலும் இந்த மாதிரிக் காரியங்களுக்கு ஊரில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மார்பகமும் கருப்பைவாயும் சோதிப்பார்கள் என்றதும் பாதிப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் தெருத்தெருவாக நடந்து ஒரே உதாரணத்தைச் சொன்னேன். நம் கண்மாய் இரண்டு முறை உடைந்திருக்கிறது. இரண்டு முறையும் உடைத்தது வெள்ளம் அல்ல, கரையிலிருந்த நண்டு வளை. விரல் அளவு இருக்கும்போது பார்த்துவிட்டால் ஒரு கை களிமண் போதும். விட்டுவிட்டால் ஆயிரம் மூட்டை மணலும் போதாது.

அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் குருவத்தாய் வரிசையில் நின்றபடி, "சார், இதுல பெயிலாப் போனா மறுபடி எழுத விடுவாகளா?" என்றாள். நான்காம் வகுப்பில் என்னிடம் மூன்று வருடம் இருந்தவள். "உன்னை எப்போது விடாமல் இருந்தேன்?" என்றேன். வரிசை முழுவதும் சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவன் உள்ளே வந்து தன் மனைவியின் கொண்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனான். "எவனுக்குடி அவுத்துக் காட்டப் போற" என்று கேட்டுக் கேட்டு அறைந்தான். நான் எடுத்துச் சொல்லலாம் என்று எழுந்து போவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள். வாசலில் கிடந்த வளையல் சில்லுகளை நானே பெருக்கினேன்.

முடிவில் இரண்டு பேருக்கு மஞ்சள் சீட்டு கொடுத்திருப்பதாக நர்ஸ் ஜெபக்கனி சொன்னார். மார்பில் கட்டி. மார்ச் 30ஆம் தேதி பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். "தள்ளிப் போடக் கூடாது சார். பேரை வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலாமா?" என்று கேட்டார். விடைத்தாளை அவரவர் கையில்தான் கொடுக்க வேண்டும், மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படித்ததால் கிணற்றில் விழுந்த பிள்ளை எனக்குத் தெரியும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

என் மனைவி ஆவுடைத்தாய் கடைசி ஆளாகப் போய்விட்டு வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை" என்றாள். ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது.

26 மார்ச், வியாழன்

ஊரடங்கு. பால் வாங்க மெயின் ரோட்டுக்குப் போன இரண்டு பேரைப் போலீஸ் விளாசிவிட்டது. கெண்டைக்காலில் வரி வரியாக ரத்தம் கட்டியிருக்கிறது. அப்படியும் மாலையில் ஆறு பேர் போனார்கள்.

ஊர்த் தலைவர் சீனிராஜ் காளியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டான். அவனும் என் மாணவன்தான். "சார், சனம் அடிக்கும் பயப்பட மாட்டேங்குது, சாவுக்கும் பயப்பட மாட்டேங்குது. நீங்க எதாச்சும் சொல்லுங்க" என்றான்.

நான் சொன்னேன்: "பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டி யாராவது தங்குகிறோமா? வெளியூர் ஆளை உள்ளே தங்க விடுகிறோமா? ஊரடங்கு என்பதும் ஒரு காப்புத்தான். இந்த வருடம் திருவிழா கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திருவிழா இல்லாவிட்டால் என்ன, காப்பை மட்டும் கட்டுவோம்."

 பிறகு பூசாரி பொன்னுச்சாமி, "சார்வாள் சொன்னதுதான் சரி" என்றார். முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு உதாரணம் இவ்வளவு சீக்கிரம் எல்லார் முகத்திலும் ஏறியதைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் சொன்னேன். "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

28 மார்ச், சனி

காப்புக் கட்டியாயிற்று. பூசாரி கையில் மஞ்சள் கயிறு. ஊருக்குள் வரும் இரண்டு பாதையிலும் வேப்பங்குலைத் தோரணம். அதற்கு அப்பால் சீமைக்கருவேல முள்ளை ஆள் உயரத்துக்கு அடைத்திருக்கிறார்கள். கம்போடு எட்டுப் பேர் முறை வைத்து நிற்கிறார்கள். ரேஷனும் காய்கறியும் முள்ளுக்கு வெளியே இறங்கும். எடுத்துக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்பி வரக் கூடாது.

30 மார்ச், திங்கள்

ஆவுடை காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பால்காரரைப் பார்ப்பதாகச் சொன்னாள். பால்காரர் வந்து நான்கு நாளாகிறது.

9 ஏப்ரல், வியாழன்

வெளியூர் நாய் ஒன்று முள்ளுக்கு அடியில் நுழைந்துவிட்டது. காவலுக்கு நின்றவர்கள் கம்பால் அடித்தே கொன்றார்கள். செத்த பிறகும் அடித்தார்கள். நாய்க்கு நோய் தொற்றாது என்று சொல்லிப் பார்த்தேன். "காப்புக்கு நாயும் ஒண்ணுதான் சார்" என்றான் சீனிராஜ். அவன் வேட்டியில் முழங்கால் வரை தெறித்திருந்தது.

18 ஏப்ரல், சனி

கருத்தப்பாண்டி திருப்பூரிலிருந்து நடந்தே வந்துவிட்டான். ஒன்பது நாள் நடையாம். செருப்பு தேய்ந்து குதிகாலில் துணி சுற்றியிருந்தான். முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று, "யம்மா, நான்தான்மா" என்று கூப்பிட்டான். அவன் அம்மா இந்தப் பக்கம் நின்று அழுதாள். முள்ளை இரண்டு கையாலும் விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தான். அந்தக் காலில்தான் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் பச்சைக் கரும்பை ஒடித்தது போல் இருந்தது. அம்மா போய் மகன்மேல் விழப் பார்த்தாள். அவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்து அவனை எடுத்துப் போனது. அதற்கு முன் நான் ஒரு செம்பில் தண்ணீரைக் கம்பு நுனியில் மாட்டி அவனுக்கு நீட்டினேன். அவர்கள் அடிக்கும்போது, அடிக்காதே என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் மெதுவாகத்தான் சொன்னேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

12 மே, செவ்வாய்

வெளியே கடைகளைத் திறக்கிறார்களாம். காப்பை அவிழ்த்துவிடலாம் என்று பூசாரியிடம் போனேன். அவர் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சார்வாள், பொங்கல் வச்சு, மொளைப்பாரியைக் கண்மாய்ல கரைச்ச பிறகுதான் காப்பை அவுக்க முடியும். அது விளையாட்டுக் கயிறு இல்லை. பொங்கல் வைக்காம அவுத்தா அம்மன் என் வம்சத்தை அறுத்துருவா."

"திருவிழா நடத்தத்தான் அனுமதி இல்லையே?"

"அப்போ அவுக்கவும் வழி இல்லை."

கட்டும்போது இதை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. எட்டு நாள் என்று எல்லாரும் மனத்துக்குள் வைத்துக்கொண்டோம். வெளியே வரும் நேரத்தைக் குறிக்காமல் பிள்ளைகளைப் பரீட்சை அறையில் உட்காரவைத்தது போல் ஆகிவிட்டது.

நான் சொன்னது எப்படியோ பரவி, மாலையில் சீனிராஜின் ஆட்கள் பூசாரி வீட்டுக்குப் போய், காப்பில் கை வைத்தால் கையை வெட்டுவோம் என்று அரிவாளைக் கதவில் கொத்திவிட்டு வந்திருக்கிறார்கள்.

19 மே, செவ்வாய்

நர்ஸ் ஜெபக்கனி ஸ்கூட்டரில் வந்தார். வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். ஊரே கூடிவிட்டது.

"சார், மஞ்சச் சீட்டு வாங்குன ரெண்டு பேரும் இன்னும் போகலை. பெரியாஸ்பத்திரில இம்புட்டு நாளும் அவசரக் கேசுதான் பாத்தாக. அடுத்த வாரத்துல இருந்து மத்ததும் பாக்கப் போறாக. வண்டிக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன். அவுக ரெண்டு பேரை மட்டும் விடச் சொல்லுங்க."

"யாரு அந்த ரெண்டு பேரு? பேரைச் சொல்லும்மா" என்றான் சீனிராஜ்.

"உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். சார்கிட்ட மட்டும் காட்டுதேன்" என்று ஒரு காகிதத்தை முள்ளுக்கு இடையில் என் பக்கம் நீட்டினார்.

அப்போது கல் வந்து விழுந்தது. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தது. நர்ஸின் புருவத்துக்கு மேல் பிளந்து முகக்கவசம் சிவப்பானது. முதல் கல் விழுந்ததும் ஆண்களுக்குக் கை துறுதுறுத்துவிட்டது. ஸ்கூட்டர் விளக்கு, கண்ணாடி, அவர் தோள், முதுகு. ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு மறுகையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். குருவத்தாய்தான், "பொம்பளையப் போட்டு அடிக்கியளே, நீங்கள்ளாம் வெளங்குவியளால" என்று கத்தினாள். சீனிராஜுக்கு அவள் சித்தி முறை. "சித்தி, நீ வாயை மூடு" என்றான்.

காகிதம் முள்ளில் மாட்டிக் கிழிந்து காற்றில் படபடத்தது. என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை. நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

ஆவுடையும் பெண்களோடு நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வலது கையை வெகுநேரம் கழுவினாள்.

21 மே, வியாழன்

போலீஸ் வந்து விசாரித்தது. ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நர்ஸே வண்டியிலிருந்து தவறி விழுந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு நாளாக அடிகுழாயில் நானே தண்ணீர் எடுக்கிறேன். அறுபத்து நான்கு வயதில் உடம்புக்கு நல்லது.

14 ஜூன், ஞாயிறு

சென்னையில் இறந்த நம் ஊர்க்காரர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுவந்த வண்டியைக் கல்லால் அடித்துத் திருப்பிவிட்டார்கள். டிரைவருக்குக் கண் போய்விட்டது என்கிறார்கள். இறந்தவருக்குக் கொரோனா இல்லை, மாரடைப்பு. மகன் சான்றிதழை உயர்த்திக் காட்டிக்கொண்டே நின்றான். அவன் மேலும் எறிந்தார்கள்.

துணியை நானே துவைத்துக் காயப் போட்டேன். ஆவுடை இடது கையைத் தூக்குவதில்லை. தோள் சுளுக்கு என்கிறாள். சுளுக்குத்தான் இருக்கும்.

3 ஜூலை, வெள்ளி

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த கிண்ணத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

19 ஜூலை, ஞாயிறு

வீட்டில் ஒரு வாடை இருக்கிறது. எலி செத்திருக்கலாம் என்று பரண், அடுப்படி எல்லாம் தேடினேன். ஆவுடை நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

23 ஜூலை, வியாழன்

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. ரவிக்கை உடம்போடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வெந்நீர் ஊற்றி நனைத்து எடுத்தேன். இடது மார்பில் தோல் பிளந்திருக்கிறது. எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்: உள்ளங்கை அளவு புண். ஓரம் கறுத்து, நடுவே சீழும் ரத்தமும். சுண்ணாம்பு போட்ட இடம் தனியாக வெந்திருக்கிறது.

"எப்போதிருந்து?" என்று கேட்டேன்.

"முகாமுக்கு முன்னாடியே. ஒரு நெல்லிக்காய் கணக்கா உருண்டுச்சு."

"சீட்டு கொடுத்தார்களே, ஏன் சொல்லவில்லை?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க காப்புக் கட்டிட்டு வந்துட்டீக. சார் வீட்டுப் பொம்பளைதான் மொதல்ல தாண்டுனான்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா, உங்க பேச்சு என்னாவுறது?"

நான் வெளியே போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டேன். வலிக்கும்படி மோதினேன். அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. நாளைக் காலை கிளம்புகிறோம். நர்ஸுக்குப் போன் செய்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மெயின் ரோட்டில் வண்டியோடு நிற்பதாகச் சொன்னார்.

24 ஜூலை, வெள்ளி (ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன்)

ஆவுடையை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, என் இடுப்போடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டு எட்டு மணிக்கு முள்ளுக்குப் போனேன். வீட்டிலிருந்த அரிவாளை முன்னால் வைத்திருந்தேன்.

சீனிராஜோடு ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேருமே என்னிடம் படித்தவர்கள்.

"சார், காப்பு" என்றான்.

"நான்தான் கட்டச் சொன்னேன். நான்தான் சொல்லுகிறேன், விடு."

"நீங்க சொல்லிக் கட்டினாலும் அம்மன் காப்பு சார் அது. உங்களுக்காக ஒருக்கா விட்டா நாளைக்கு ஊர்ல பொணம் விழும். மதினிக்கு என்னன்னாலும் உள்ளயே வச்சுப் பாருங்க."

துண்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி முள்ளை வெட்ட ஆரம்பித்தேன். நான்கு வெட்டு வெட்டியிருப்பேன். கம்பு என் இடது மணிக்கட்டில் விழுந்தது. கை தொங்கிவிட்டது. யார் அடித்தது என்று திரும்பினேன். அடித்தவன் முகத்தில் அதிர்ச்சி இருந்தது. ஆனாலும் இரண்டாவது அடியையும் அவன்தான் அடித்தான். பிறகு எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது. முதுகு, விலா, காது. நான் அரிவாளின் பின்புறத்தால் சீனிராஜின் நெற்றியில் அடித்தேன். பிரம்பே எடுக்காத வாத்தியார் என்று எனக்கு ஊரில் பெயர். அவன் மண்டை பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இன்னொரு அடி அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. புறத்தைத் திருப்பிக் கூரான பக்கத்தால் அடிக்கத்தான் கையை ஓங்கினேன்.

"ஏங்க, விடுங்க" என்று ஆவுடை சொன்னாள்.

வண்டியைவிட்டு இறங்கி எங்களுக்கு நடுவே வந்து நின்றாள். முந்தானையை எடுத்துத் தரையில் போட்டாள். புண்ணைச் சுற்றியிருந்த துணியையும் அவிழ்த்தாள். காய்ந்த இடத்தில் துணி இழுத்தபோது ரத்தம் வயிறு வரைக்கும் வழிந்தது.

"பாருங்கல. நல்லாப் பாருங்க. இதை மறைக்கத்தான் நான் நாலு மாசமா உள்ள கெடந்தேன். இதுக்கு மேல என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லை. அடிக்கிறவன் இதுல அடி."

யாரும் அடிக்கவில்லை. ஒருவன் வாந்தி எடுத்தான். ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யக்கா, மூடுங்கக்கா" என்றான். அவள் மூடவில்லை. அப்படியே முன்னால் நடந்தாள். நான் வெட்டியிருந்த இடைவெளி ஒரு ஆளுக்குக் காணாது. முள் இரண்டு தோளையும் கிழித்தது. நான் ஒரு கையால் ஊர்ந்து பின்னால் போனேன். மொபெட் உள்ளேயே நின்றுவிட்டது.

27 ஜூலை, திங்கள்

என் கையில் மாவுக்கட்டு. ஆவுடைக்குச் சதை எடுத்தாயிற்று. முடிவு வர இரண்டு நாள். பார்த்தாலே தெரிகிறது, முடிவு எழுத்துக்குத்தான் என்றார் டாக்டர் அம்மா. அக்குளிலும் பரவிவிட்டது. மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு, பிறகு அறுவைச் சிகிச்சை.

"பிழைத்துவிடுவாளா?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம் சார். மார்ச்சில் நெல்லிக்காய் அளவு என்று நர்ஸ் எழுதியிருக்காங்க. ஏப்ரலில் வந்திருந்தால் நாங்களே திருப்பி அனுப்பியிருப்போம், அதையும் சொல்லணும். ஆனா ஜூன் முழுக்க இந்த ஹால் காலியாத்தான் கிடந்தது. மாசம் அறுபது பேர் வர்ற இடத்துக்கு நாலு பேர் வந்தாங்க. நோய் எங்கேயும் போயிடலை. வீட்டுக்குள்ளே இருந்து வளருது."

30 ஜூலை, வியாழன்

முதல் மருந்து ஏறியது. நாள் முழுவதும் குடலே வெளியே வருவது போல் வாந்தி எடுத்தாள். நர்ஸ் ஜெபக்கனி விடுப்புப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருக்கிறார். புருவத்துக்கு மேல் ஆறு தையலின் தழும்பு.

ஆவுடை அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சிஸ்டர், அன்னைக்குக் கல்லெறிஞ்சது நான்தான். நீங்க பேரைக் காட்டிருவீகளோன்னு" என்றாள்.

"தெரியும்க்கா. எறிஞ்ச கையைப் பாத்தேன்."

"பின்ன ஏன் போலீசுல சொல்லலை?"

"சொன்னா உங்களை ஸ்டேஷனுக்குல்ல கூட்டிட்டுப் போவாக. எனக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றார். "அம்புட்டுத் தூரம் குறி பாத்து எறிஞ்சீகளே, அந்தத் தெம்பை வச்சுக்கிடுங்க. வேண்டியிருக்கு."

ஆவுடை சிரித்துவிட்டு மறுபடி வாந்தி எடுத்தாள்.

நர்ஸ் டீ வாங்கப் போனபோது நானும் சொன்னேன். மே 19ஆம் தேதி நான் கண்ணாடி போட்டிருந்தேன். காகிதத்தில் இரண்டாவது வரி, "ஆவுடைத்தாய், க/பெ நல்லதம்பி". மேல் வரியை முள் மறைத்திருந்தது, இது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இந்த நோட்டில்கூடப் பொய் எழுதிவிட்டேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அது எனக்குத் தெரியும். மறுநாள்ள இருந்துதான நீங்க தண்ணிக்கொடம் தூக்குனீக. துணி தொவைச்சீக. ரெண்டு மாசம் என்னைத் தாங்குதாங்குன்னு தாங்குனீக. வண்டியைத்தான் எடுக்கலை."

 காலைப் பிடித்துவிட்டேன். காலை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவளே பேசினாள். "லிஸ்ட்டுல இன்னொருத்தி இருக்காள்ல, அவளும் என்னைய மாதிரிதான உள்ள கெடப்பா. போய்க் கூப்பிடுங்க."

நர்ஸிடம் பெயரைக் கேட்டேன். "சொல்ல மாட்டேன் சார். நீங்கதான் சொன்னீக, விடைத்தாளை அவுகவுக கைலதான் குடுக்கணும்னு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலையாகச் சொன்னார்.

6 ஆகஸ்ட், வியாழன்

நர்ஸும் நானும் ஆஸ்பத்திரி வேனில் ஊருக்குப் போனோம். என்னால் காப்பு உடைந்தது என்று என் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்திருக்கிறார்கள். முள்ளுக்கு வெளியிலிருந்தே கறுப்பு தெரிந்தது. முள்ளை முன்பைவிட உயரமாக அடைத்திருந்தார்கள். சீனிராஜ் நெற்றியில் கட்டோடு நின்றான்.

நான் வெளியே நின்று பேச ஆரம்பித்தேன். பழக்கத்தில், "கண்மாய்க் கரையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வந்துவிட்டது. முதல் கல் மார்பில் விழுந்தது. அதோடு கண்மாயை விட்டுவிட்டேன்.

"என் மனைவி ஆவுடைத்தாய்க்கு மார்பில் புற்றுநோய். மார்ச் மாதம் நெல்லிக்காய் அளவு இருந்தது. அன்றே வைத்தியம் செய்திருந்தால் பிழைத்துவிடுவாள் என்று டாக்டரே சொல்லியிருப்பார். இன்று சொல்ல மாட்டேன் என்கிறார். அவள் என் பெயருக்காக மறைத்தாள். நான் தெரிந்துகொண்டே ரெண்டு மாதம் சும்மா இருந்தேன். அவள் செத்தால் நான்தான் கொன்றது. இந்த ஊரில் இன்னொரு பெண்ணிடம் மஞ்சள் சீட்டு இருக்கிறது. யார் என்று எனக்குத் தெரியாது. வண்டி நிற்கிறது. வா."

இரண்டாவது கல் தோளில் பட்டது. மூன்றாவது உதட்டில் பட்டுப் பல் ஆடியது. நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அதே வார்த்தைகள். ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கு வைக்கவில்லை. வெயில் ஏறியது. கற்கள் குறைந்தன. ஆனாலும் யாரும் வரவில்லை. நர்ஸ், "போதும் சார், வாங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குருவத்தாய் வந்தாள். கையில் மஞ்சள் சீட்டு. மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. வழியைப் பார்க்கவில்லை. நேராக முள்மேல் ஏறினாள்.

"சித்தி, எறங்கு" என்றான் சீனிராஜ். அவள் ஏறினாள். முள் காலிலும் கையிலும் இறங்குவது தெரிந்தது. அவன் கம்பை ஓங்கி அவள் முதுகில் ஒரு அடி வைத்தான். நான் கேட்டேன் அந்தச் சத்தத்தை. அவள் ஒரு கையால் முள்ளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு போடுல. நல்லாப் போடு. அடிச்சாலும் ஆஸ்பத்திரிக்குத்தான தூக்கிட்டுப் போவணும்?"

பின்னாலிருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். அழுகை போன்ற சிரிப்பு. சீனிராஜ் கம்பை ஓங்கியபடியே நின்றான். இறக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பூசாரி பொன்னுச்சாமி முன்னால் வந்து தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு வெறுங்கையால் முள்ளை இழுக்கத் தொடங்கினார். அவருக்கு உதவ யாரும் போகவில்லை. அவரைத் தடுக்கவும் யாரும் போகவில்லை.

குருவத்தாய் இந்தப் பக்கம் குதித்தாள். சேலை பாதி முள்ளிலேயே தங்கிவிட்டது. நர்ஸ் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். வேனில் ஏறியதும், "எத்தனை நாள் பிந்திட்டேன் சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"நூத்தி இருபத்தொம்பது."

"அடேயப்பா" என்றாள். பிறகு இரண்டு காலையும் நர்ஸின் மடிமேல் தூக்கிப் போட்டாள். ஜெபக்கனி ஊசியை எடுத்து முள்ளைக் குத்தி எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்று வரும்போதும் குருவத்தாய் டிரைவரைத் திட்டினாள், மெதுவாகப் போகிறான் என்று.